தரலவா நாட்டு மாப்பிள்ளைகள்

"பேரு இருக்கட்டும் தம்பி. அது எந்த நாட்டுப் பேரு?"

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரனின் கையிலிருந்த லென்ஸ் நழுவப் பார்த்தது. கேட்டவர் வெறும் வாடிக்கையாளர் அல்ல. அவன் கட்டிக்கொள்ளத் துடிக்கும் பெண்ணின் அப்பா. கண் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவர்தான் அவனைப் பரிசோதித்தார்.

அவன் குடும்பப்பெயர் அப்படி. சொன்னால், தும்மிவிட்டான் என்று நினைத்து எதிரே இருப்பவர் கைக்குட்டை நீட்டுவார். எங்கிருந்து வந்த பெயரென்று அவன் அப்பாவுக்கும் தெரியாது.

"வேர் தெரியாத மரத்துல நான் ஊஞ்சல் கட்ட மாட்டேன். நாடு இல்லேன்னா பொண்ணு இல்ல."

தவித்துச் சுற்றிய அவன் கண், சுவரில் தொங்கிய எழுத்து அட்டையின் கடைசி வரியில் போய் முட்டியது. த, ர, ல, வா.

"தரலவா!"

"தர்றதும் தராததும் அப்புறம். முதல்ல நாட்டைச் சொல்லு."

"நாடே அதுதாங்க. சின்னத் தீவு."

பெரியவர் அட்டைப் பக்கம் திரும்பினார். நல்லவேளை, கடைசி வரி அவருக்குத் தெரியவில்லை.

மறுநாளே அவள் ஃபோன் செய்தாள். "ஏய், நீ தரலவாவா? எங்க அக்கா வீட்டுக்காரரும் தரலவாதானாம்! அவரு பேரும் வாயில நுழையாதே, 'நீங்களும் அந்த நாடா'ன்னு அப்பா கேட்டதும் ஒத்துக்கிட்டாரு. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேருக்கும் இங்கதான் சாப்பாடு."

அட்டையின் கடைசி வரியை அவன் இன்னொரு முறை படித்துப் பார்த்தான்.

லிஃப்ட் மெக்கானிக்கான அந்த மூத்த மாப்பிள்ளை, சாப்பாட்டு மேசையில் அவனைக் கண் கொட்டாமல் பார்த்தார்.

"உங்க ஊருல கடற்கரை எப்படி?" என்றார் பெரியவர்.

"மணல் கறுப்பா இருக்கும்." அத்தோடு முடித்துக்கொள்ளப் பார்த்தான்.

"நடந்தா கால் தடம் விழாது," என்றார் மூத்தவர் மெதுவாக.

அடுத்து அவன் வாயில் வரவிருந்ததே அதுதான். சமாளிக்க வாயைத் திறந்தான். "சாயங்காலம் ஆயிட்டா..."

"யார் தட்டினாலும் கதவைத் திறக்க மாட்டாங்க." இரண்டு பேரும் ஒரே குரலில் சொல்லி முடித்தார்கள்.

கரண்டிச் சத்தம் நின்றது. பெரியவருக்கு மட்டும் பூரிப்புத் தாங்கவில்லை. "ஒரே மண்ணுன்னா சும்மாவா! கல்யாணத்தைப் பேசி முடிச்சிடலாம்!"

கை கழுவும் இடத்தில் அவன் குழாயை முழுசாகத் திறந்துவிட்டுக் கிசுகிசுத்தான். "அண்ணே, மன்னிச்சிடுங்க. அப்படி ஒரு நாடே கிடையாது. கண் பாக்கற அட்டையில படிச்சேன்."

மூத்தவர் முகம் வெளிறியது. பிறகு குபீரென்று சிரித்தார். "அட சகலை! நானும் புளுகுதான். கல்யாணம் ஆனதுலேர்ந்து மாமா என் பேரைக் குடைஞ்சுக்கிட்டே இருந்தாரு. உங்க நாடு கிடைச்சதும் தொத்திக்கிட்டேன்."

"அப்ப அந்தக் கால் தடம்?"

"தானா வாயில வந்துச்சு. அந்தக் கறுப்பு மணல்?"

"எனக்கும் தானாத்தான் வந்துச்சு."

ஈரக் கையோடு இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு தேவைக்கு மேல் கொஞ்சம் நீண்டது.

மாமியார் எட்டிப் பார்த்தார். "மாப்ளைங்களா, சீக்கிரம் வாங்க. தரலவாவுலேர்ந்து ஒருத்தர் வந்து வாசல்ல நிக்கிறாரு. உங்க ரெண்டு பேருக்கும் லீவு முடிஞ்சு போச்சாம்."