தொட்டிக்குள் மீன், தொட்டிமேல் தக்காளி

இந்த வருஷம் என் வீட்டில் ஒரு தக்காளி நாற்றுகூட முளைக்கக் கூடாது.

பிஷ்கெக் நகரத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்டுக்கறிக் கொழுக்கட்டைகளை வயிறு முட்டத் தின்றுவிட்டு நான் எடுத்த சபதம் இது. மனதுக்குள்தான் எடுத்தேன். மனைவி அடுத்த அறையில் இருக்கும்போது வாய்விட்டுச் சபதம் எடுக்க நான் என்ன முட்டாளா?

என் பெயர் சத்திபால்டி. 'விலைக்கு வாங்கியவன்' என்று பொருள். எனக்கு முன் பிறந்த குழந்தைகள் தங்கவில்லை என்பதால், பிறந்ததும் என்னைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து, ஒரு சால்வை விலையாகத் தந்து திரும்ப வாங்கினார்களாம். என் மனைவி புருலுக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. "வாங்கினப்ப ரசீது கேட்டிருக்கலாம். இருந்திருந்தா நான் திருப்பிக் கொடுத்திருப்பேன்" என்பாள்.

என் சபதத்துக்குக் காரணம் இருக்கிறது. பிப்ரவரி பிறந்தால் எங்கள் கூடத்து ஜன்னல் புருலுக்குச் சொந்தம். தயிர்க் கோப்பை, பால் டப்பா, என் பழைய சவரக் கிண்ணம் என்று கையில் கிடைத்ததில் எல்லாம் மண்ணை நிரப்பி விதை போடுவாள். அப்புறம் ஜன்னலைத் திறக்கக் கூடாது, நாற்றுக்குக் குளிரும். திரையை மூடக் கூடாது; நாற்றுக்கு இருட்டும். நான் இருமக் கூடாது, நாற்று சாயும். மே மாத விடுமுறை வந்ததும் நாற்றெல்லாம் காரில் ஏறும். மிச்சமிருக்கும் இடத்தில் மண்வெட்டியோடு நான் ஏறுவேன். நகரத்துக்கு வெளியே இருக்கும் எங்கள் தோட்டத்தில் விடுமுறை முழுக்கக் கொத்துவேன்.

அதே விடுமுறையில் என் நண்பன் எசென் இசிக்குல் ஏரிக்கு மீன் பிடிக்கப் போவான். "மாப்ள, நீயும் வாடா" என்று வருஷா வருஷம் கூப்பிடுவான். வருஷா வருஷம் அவன் பிடித்த மீனை நான் போனில் பார்ப்பேன்.

நாற்றுக்கு வெயில் வேண்டும். எங்கள் வீட்டில் வெயில் விழுவது ஒரே ஒரு ஜன்னலில். அந்த ஜன்னலை வேறு ஏதாவது அடைத்துக்கொண்டால்? சண்டை போட்டு ஜெயித்த கணவன் எங்கள் கட்டடத்திலேயே கிடையாது. ஆகவே அழகைக் காட்டி ஏமாற்றத் தீர்மானித்தேன்.

"புருல், டாக்டர் எனக்கு ரத்தக் கொதிப்புன்னு சொன்னாரில்ல?"

"உப்பைக் குறைக்கச் சொன்னார்."

"மீனைப் பாத்துக்கிட்டே இருந்தா கொதிப்பு அடங்குமாம்."

"எந்த மீன? வறுத்ததையா?"

"உயிர் மீன்மா! தொட்டி கட்டப் போறேன். உள்ள பச்சைப் பசேல்னு செடி, பாசி, சின்னச் சின்ன மீன். எல்லாமே தானியங்கி. விளக்குகூட நானே செய்யறேன்."

"எங்க வைப்பீங்க?"

"ஜன்னலோரமா... நீளமா..."

புருல் ஜன்னலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தேநீரை ஒரு வாய் குடித்தாள்.

"வைங்க" என்றாள்.

அவ்வளவுதான்! இருபது வருஷத் தாம்பத்தியத்தில் இவ்வளவு சுலபமாக எதுவும் கிடைத்ததில்லை. அங்கேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சதி என்றால் மனைவி என்றும் அர்த்தம், சூழ்ச்சி என்றும் அர்த்தம். பதிக்கு அது புரிவதற்குள் பாதி ஆயுள் போய்விடுகிறது.

நான் லிப்ட் பழுதுபார்க்கும் பொறியாளன். எங்கள் கட்டடத்து லிப்ட் ஓடாது. அது வேறொரு கம்பெனியின் பொறுப்பு. எனவே கண்ணாடிப் பலகைகளை ஏழு மாடி நானே சுமந்தேன். பசை தடவி ஒட்டினேன். கழித்துப்போட்ட லிப்ட் கதவின் அலுமினியச் சட்டத்தில் எல்.இ.டி. மணிகளை வரிசையாகப் பற்றவைத்தேன். சூடு தணிய, பழைய கம்ப்யூட்டரின் மின்விசிறி. சமையலறை மேஜைவிரிப்பில் மூன்று ஓட்டை. விளக்கு காலையில் விடியல்போல மெல்ல ஒளிரும், சாயங்காலம் மெல்ல மங்கும். நீர் குறைந்தால் குழாய் தானே நிரப்பும். குளிர்ந்தால் சூடேற்றி தானே விழிக்கும். தேயிலை டப்பாவில் செய்த கருவி வேளாவேளைக்கு மீனுக்குத் தீனி போடும். ஏதாவது கெட்டுப்போனால் போனுக்குச் செய்தி வரும். பெருமை தாங்காமல் புருலின் போனிலும் அதைப் போட்டுக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் தானாக இயங்காத கருவி இப்போது ஒன்றுதான். அதை அவள்தான் இயக்க வேண்டும். அது நான்.

நீருக்கடியில் இருக்கும் செடி செழிக்கக் கரியமில வாயு தேவை. ஒரு பாட்டிலில் சர்க்கரையும் ஈஸ்டும் கலந்து, குழாய் வைத்துத் தொட்டிக்குள் விட்டேன். இரண்டே நாளில் வீடு சாராயக் கடைபோல மணத்தது.

"என் ஈஸ்ட் எங்க? ரொட்டி சுடணும்" என்று வந்த புருல் மூக்கைப் பொத்தினாள். "இந்த வீட்டுல மீன்கூடக் குடிக்குதா? நாத்து வேணாம்னு பாத்தா நாத்தம் வந்திருக்கு!"

எனக்குப் பகீரென்றது. "நாத்து வேணாம்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

எதிர்வீட்டு ஹலிமா அக்கா பார்க்க வந்தார். அவர் துங்கான் இனத்தவர். அவர்கள் செருப்பை ஊன்றி வைத்தாலும் அது கத்தரிக்காய் காய்க்கும் என்று ஊரில் சொல்வார்கள். விளக்கின் கீழே கையை நீட்டிப் பார்த்தார். தொட்டித் தண்ணீரை விரலால் தொட்டு முகர்ந்தார்.

"இந்தத் தண்ணிய மாத்தும்போது எங்க கொட்டுவ தம்பி?"

"சாக்கடையிலதான்க்கா."

"பாவி!" என்றார். பிறகு புருலோடு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் புருல் என் தோளில் சாய்ந்தாள். அது கல்யாணமான புதிதில் நடந்தது, அதற்கப்புறம் இப்போதுதான்.

"ஏங்க, விளக்கு அழகா இருக்கு. கொஞ்சம் சிவப்பும் சேத்தா என்ன?"

"சிவப்பா? எதுக்கு?"

"அந்த வெளிச்சத்துல என் முகம் இளசாத் தெரியும்."

எந்த ஆண்பிள்ளை மறுப்பான்? தொர்தோய் சந்தைக்கு ஓடி, சிவப்பு மணிகள் வாங்கி வந்து, இரண்டு வரிசை சேர்த்தேன். "இன்னும் கொஞ்ச நேரம் எரிஞ்சா நல்லா இருக்கும்" என்றாள். நேரத்தைக் கூட்டினேன். "மேல தூக்கற மாதிரி சங்கிலி போட்டா, நான் துடைக்க வசதி" என்றாள். போட்டேன். சங்கிலிக்காக என்னை முத்தமிட்ட ஒரே பெண் அவள்தான்.

பிப்ரவரி வந்தது. ஒரு கோப்பைகூட ஜன்னலுக்கு வரவில்லை. எசெனைக் கூப்பிட்டேன்.

"மாப்ள, மே மாசம் வரேன்டா. தூண்டில் ரெடி பண்ணு."

"உன் பொண்டாட்டி?"

"ஜெயிச்சுட்டேன்டா!"

அந்த வாரமே ஓஷ் நகரத்தில் புதுக் கட்டடத்துக்கு லிப்ட் மாட்டும் வேலை வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் கிடந்தேன். வேலை இழுத்து, திரும்பும்போது மார்ச் பாதி போய்விட்டது. ஏழு மாடி ஏறி மூச்சிரைக்கக் கதவைத் திறந்தேன்.

தொட்டி இருந்தது. மீன்கள் இருந்தன. தொட்டியின் மேல் கண்ணாடிப் பலகை இருந்தது. பலகையின் மேல் தயிர்க் கோப்பைகள், பால் டப்பாக்கள், என் சவரக் கிண்ணம். விளக்கு சங்கிலியில் மேலே ஏறி, அத்தனை நாற்றுக்கும் குடை பிடித்தது. கீழே தொட்டியின் கதகதப்பு. மீன் கழிவு கலந்து உரமாகிவிட்ட தொட்டித் தண்ணீரை, நான் வைத்த மோட்டாரே மெல்லிய குழாய்களில் ஏற்றி ஒவ்வொரு கோப்பையிலும் சொட்டவைத்தது. தக்காளித் தண்டு ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் தடிமன்.

"புருல்! என்ன இது?"

"தக்காளி. அது குடைமிளகாய். ஓரத்துல இருக்கறது ஹலிமா அக்காவோட கத்தரி. அந்த வரிசை ஆறாவது மாடிக்காரங்களோடது."

"மீனுக்கு வெளிச்சம்?"

"மீனு கேட்டுச்சா?"

"உன் முகம் இளசாத் தெரியணும்னுதானே சிவப்பு போட்டேன்..."

ஹலிமா அக்கா கதவருகே நின்று தலையை நீட்டினார். "சிவப்புல நாத்து பிரமாதமா வளருது தம்பி. நல்ல யோசனை உனக்கு."

ஜன்னலில் வைத்த காலத்தில், எங்கள் நாற்று பாதி செத்துப் பாதிதான் தோட்டம் சேரும். இந்த வருஷம் ஒன்றுகூடச் சாகவில்லை. சாகவில்லையென்றால் அத்தனைக்கும் குழி வேண்டும். குழி வெட்ட ஆள் வேண்டும். ஏரி என் கண்முன்னால் வற்றிக்கொண்டிருந்தது.

ஏப்ரலில் ஒருநாள் புருலும் ஹலிமா அக்காவும் இறைச்சி வாங்கச் சந்தைக்குப் போனார்கள். நான் பூனைபோல நடந்து போய் விளக்கின் இணைப்பைப் பிடுங்கினேன். நாலு நாள் வெளிச்சம் குறைந்தால் நாற்று வெளிறிச் சாய்ந்துவிடும்; விளக்கு பழுது என்று சொல்லிக்கொள்ளலாம். பாவம்தான். ஆனால் நானும் உயிருள்ள ஜீவன்தானே?

கையை எடுப்பதற்குள் போன் அடித்தது.

"ஏங்க, விளக்கு அணைஞ்சிடுச்சுன்னு செய்தி வந்திருக்கு. கரண்ட் போச்சா?"

அந்தப் பாழாய்ப்போன செய்தி! "ஆ... ஆமா. கரண்ட் இல்ல."

"அப்புறம் டிவில கால்பந்து சத்தம் கேக்குதே?"

நான் டிவியைப் பார்த்தேன். யாரோ கோல் அடித்திருந்தார்கள்.

"கை தவறிப் பட்டிருக்கும். மாட்டிடுங்க" என்றாள் சாந்தமாக.

வீட்டுக்கு வந்தவள் திட்டவில்லை. எனக்குப் பிடிக்குமே என்று ஈரல் வாங்கிவந்து வெங்காயம் போட்டு வறுத்துக் கொடுத்தாள். திட்டினால் விஷயம் முடிந்தது என்று அர்த்தம். ஈரல் வறுத்தால் விஷயம் இனிமேல்தான் ஆரம்பம். எனக்கு விழுங்கவே முடியவில்லை. இரண்டு தட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆனாலும் கடைசி அஸ்திரம் ஒன்று வைத்திருந்தேன். மே மாதம், நாற்றைக் காரில் ஏற்றும் நாளில் விட்டேன்.

"நீ போம்மா. நான் வீட்டுல இருக்கேன். தொட்டியப் பாத்துக்க ஆள் வேணுமில்ல?"

"எதுக்கு? விளக்கு தானா எரியுது. தண்ணி தானா நிரம்புது. தீனி தானா விழுது. இவ்வளவும் செஞ்சு வெச்சதே என் புருஷன் என்கூட நிம்மதியா தோட்டத்துக்கு வரணும்னுதான்னு ஹலிமா அக்காகிட்ட பெருமையாச் சொன்னேன். அவங்க அழுதுட்டாங்க."

காரில் ஏறினேன். எசெனுக்கு போன் செய்ய மனம் வரவில்லை.

வழியெல்லாம் புருல் பாடிக்கொண்டே வந்தாள். தோட்டத்துக்குப் போனதும் என் பங்கை நானே குறைத்துக்கொள்ளக் கணக்குப் போட்டேன். எங்களுடையது சின்ன நிலம். எவ்வளவு நாற்று இருந்தாலும் இடம் இவ்வளவுதான். மீதியை அண்டை அயலாருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். மூன்று நாளில் முடித்துவிட்டு நான்காம் நாள் ஏரிக்கு ஓடிவிடலாம்! உற்சாகமாக மண்வெட்டியை எடுத்தேன்.

"ஏங்க, அங்க ஏன் கொத்தறீங்க? அது நான் பாத்துக்கறேன். நீங்க வேலிக்கு அந்தப் பக்கம் போங்க."

"அது பக்கத்துத் தோட்டத்து வேரா அம்மாவோட நிலமாச்சே?"

"அவங்க மககிட்டயே தங்கிட்டாங்க. நிலம் சும்மா கிடக்குது, இந்த வருஷம் நீயே பயிர் பண்ணிக்கோன்னுட்டாங்க. நீங்க ஓஷ்ல இருந்தப்பவே பேசி முடிச்சிட்டேன். இவ்வளவு நாத்தையும் வேற எங்க நடறதாம்?"

நான் வேலிமேல் எட்டிப் பார்த்தேன். முழங்கால் உயரத்துக்குப் புல். அதற்கப்பால் புல். அதற்கும் அப்பால் புல்.

"எதுவரைக்கும் நம்மது?"

"அதோ, அந்த வாதுமை மரம் வரைக்கும்."

"எந்த மரம்? எனக்கு எதுவுமே தெரியலையே."

"கண்ணாடியப் போடுங்க. அவ்வளவு பக்கத்துல இல்ல."