விலை வைப்பது நான் இல்லை

ஒரு பொருள்கூட விற்றுவிடக் கூடாது என்பதற்காகவே ஒருவன் கடை திறந்தான் என்றால் நம்புவீர்களா? ருசே நகரத்தில் கலின் திறந்தான். நகராட்சியில் கம்ப்யூட்டர் வேலை, பெரிய மூளைக்காரன். மூளை பெரிதாக இருந்து என்ன பிரயோஜனம், வீட்டில் பெண்டாட்டி ருமியானா இருக்கிறாளே!

அவர்கள் இருந்த அடுக்குமாடிக்கு அடியில் வீட்டுக்கொரு நிலவறை உண்டு. குளிர்காலத்துக்கான ஊறுகாய், பழரசம், குடமிளகாய் விழுது எல்லாம் ஜாடி ஜாடியாக அங்கேதான் இறங்கும். கலினின் நிலவறையிலோ பதினாலு பழைய ரேடியோக்கள். பாடுவது இரண்டு, மீதி எல்லாம் இருமும். ஆனால் அவனுக்கு அவைதான் உயிர்.

"சனிக்கிழமை அறுபது கிலோ குடமிளகாய் வருது," என்றாள் ருமியானா. "சுட்டு அரைச்சா நூத்தைம்பது ஜாடி. எங்க வைக்கறது, உன் தலைமேலயா?"

"ரேடியோவைத்தான் இணையக் கடையில விக்கப் போட்டிருக்கேனே! யாரும் வாங்கலைன்னா நான் என்ன பண்ண?"

"இருமற ரேடியோவுக்கு முந்நூறு லெவா போட்டா எந்தப் பைத்தியம் வாங்கும்? குறைச்சுப் போடு."

குறைத்துப் போட்டால் விற்றுவிடுமே! அங்கேதான் கலின் மூளையைக் கசக்கினான். இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்து ஒரு செயலி எழுதினான். இணையச் சந்தைக்காரர்களிடம் அனுமதி வாங்கி, அவர்கள் விலை நிலவரம் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் நேராகத் தன் செயலிக்கு வந்து விழும்படி இணைத்தான். நாட்டில் எவன் பழைய ரேடியோ போட்டிருந்தாலும், இருப்பதிலேயே குறைந்த விலையை அது பிடிக்கும். அதை வைத்துக் கலினின் பதினாலுக்கும் தானாக விலை மாற்றும். நடுவில் மூன்றால் ஒரு பெருக்கல் இருந்தது. அதை மட்டும் அவன் பெண்டாட்டியிடம் சொல்லவில்லை.

"இனிமே விலை வைக்கறது நான் இல்லை, ருமியானா. விஞ்ஞானம்!"

"உன்னை ஒரு வார்த்தை கேக்காதா அது?"

"எதுக்குக் கேக்கணும்? சந்தை ஏறினா ஏறும், இறங்கினா இறங்கும். மனுஷன் கையே படாது."

"யாராவது வாங்கிட்டா?"

"பணம் கட்டின ஒரு மணி நேரத்துல கூரியர்காரன் வந்து அள்ளிட்டுப் போவான்."

"அடேயப்பா! உனக்குள்ள இவ்வளவு இருக்கா? அப்ப நிலவறைச் சாவியைக் குடுத்துட்டுப் போ. கூரியர் வந்தா நான்தானே திறக்கணும்."

வரவே வராத கூரியருக்குத் தாராளமாகச் சாவியைக் கொடுத்தான் கலின். அன்று முழுக்க ஆபீசில் விசிலடித்துக்கொண்டே இருந்தான்.

வியாழக்கிழமை பதினோரு மணி. போன் டிங் என்றது. 'விற்றுவிட்டது!' கலினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்த மடையன் முந்நூறு லெவா கொடுத்தான்? மறுபடி டிங். டிங், டிங், டிங். காப்பி ஆறுவதற்குள் பதினாலும் போய்விட்டன.

விலையைப் பார்த்தான். ஒவ்வொன்றும் மூன்று லெவா!

சந்தையைத் திறந்தான். அங்கே உச்சியில் புதிதாக ஒரு விளம்பரம். 'பழைய ரேடியோ. ஓடாது. நாற்றம் உண்டு. விலை ஒரு லெவா.' போட்டவர் பெயர் 'இல்லத்தரசி 62'. ஊர் ருசே.

கலினுக்கு அழுகையே வந்துவிட்டது. உயிரை அள்ளிக் கொடுத்தாயிற்று, இந்த ஒன்றாவது மிஞ்சட்டும் என்று அதைத் தானே வாங்கிப்போட்டான். ரேடியோ ஒரு லெவா, கூரியர் கூலி ஏழு லெவா. மேலதிகாரியிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினான். அவன் தெருவில் நுழைந்தபோது கூரியர் வண்டி எதிரே போய்க்கொண்டிருந்தது. கத்தினான், கையை ஆட்டினான். வண்டிக்காரனும் பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டுப் போனான்.

ருமியானா நிலவறையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"போச்சே! எல்லாம் போச்சே!"

"ஆமா, ஒண்ணு விடாம எடுத்துக் குடுத்தேன். உன் விஞ்ஞானம் பிரமாதம்பா!"

"எவனோ அறிவுகெட்டவன் ஒரு லெவாவுக்குப் போட்டுட்டான் ருமியானா!"

"அறிவுகெட்டவன் இல்லை. உன் பெண்டாட்டி."

"நீயா? உனக்கு ஏது ரேடியோ?"

"மகளிர் தினத்துக்கு ஊர் உலகமெல்லாம் பூ குடுத்தப்ப நீ ஒண்ணு குடுத்தியே, ஓடாத ரேடியோ. என் பொருள், என் விலை."

"செயலி எப்படி வேலை செய்யுதுன்னு உனக்கு…"

"வார்னா ஊர்க்காரன் ஒருத்தன் நூறு போட்டான், உன்னது முந்நூறு. அவன் தொண்ணூறுக்கு வந்தான், நீ இருநூத்தி எழுபது. மூணாம் வாய்ப்பாடு எங்க பள்ளிக்கூடத்துலயும் சொல்லிக் குடுத்தாங்கய்யா!" துடைப்பத்தை மூலையில் சாத்தினாள். "என் ரேடியோவையும் யாரோ வாங்கிட்டாங்க. அதே வண்டியிலதான் ஏத்திவிட்டேன். யாருன்னு பேரைப் பார்த்தேன், சிரிப்பை அடக்க முடியலை."

கலின் ஒரு ஜாடிப் பெட்டிமேல் தொப்பென்று உட்கார்ந்தான். போன் டிங் என்றது. இல்லத்தரசி 62 தன் வாடிக்கையாளருக்கு நற்சான்று அனுப்பியிருந்தாள்.

'பணம் உடனே கட்டினார். தங்கமான மனிதர். புரியத்தான் கொஞ்சம் நேரமாகும்.'