மாமனார் மீசையும் என் ட்யூப்லெஸ் டயரும்

தெரியாத வேலையைத் தெரிந்ததுபோல் செய்து காட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தத் திறமையை நான் அரங்கேற்றிய இடம்தான் சரியில்லை. பெண் கேட்கப் போன வீடு.

ஜெனியும் நானும் இரண்டு வருடமாகக் காதலித்தோம். அவள் ராயபுரம், நான் புளியந்தோப்பு. அவளுக்கு எண்ணூர் தொழிற்சாலை ஒன்றில் பராமரிப்பு வேலை (ஆள் உயர வால்வையெல்லாம் பிரித்து மாட்டுவாள்). நான் மாத்தூர் கிடங்கில் கம்ப்யூட்டர் முன்னால் கொட்டாவி விடுபவன். அவர்கள் வீட்டில் மாதா படம், எங்கள் வீட்டில் புத்தர் படம். அவள் அப்பா அந்தோணி ஆறு மாதம் பிடிகொடுக்காமல் இருந்துவிட்டு, "ஞாயித்துக்கெழம வரச் சொல்லு, ஒரு தபா பாக்கறேன்" என்றார்.

பஸ்ஸில் போயிருக்கலாம். பந்தாவாகப் புது ட்யூப்லெஸ் சைக்கிளில் போனேன். டயருக்குள் ட்யூப் கிடையாது. பால் மாதிரி ஒரு திரவம் ஊற்றியிருப்பார்கள். முள் குத்தினால் அதுவே ஓட்டையை அடைத்துவிடும். (வால்வையும் அடைக்கும் என்று கடைக்காரர் சொன்னபோது நான் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தேன்.)

மூலக்கொத்தளம் தாண்டும்போதே பின்டயர் தொய்ந்துவிட்டது. போய்ச் சேர்ந்தால், வாசலிலேயே அந்தோணி அங்கிள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். கருகருவென்று முறுக்கிய மீசை.

"இன்னா தம்பி, காத்து கம்மியா கீது?"

"ரெண்டே நிமிஷம் அங்கிள்."

பையிலிருந்த பம்பை மாட்டி அழுத்தினேன். பொட்டுக் காற்றுகூட உள்ளே போகவில்லை. பால் காய்ந்து ரப்பராகி வால்வை அடைத்திருந்தது.

"இரு, நான் வரேன்" என்று உள்ளிருந்து ஜெனி கத்தினாள்.

பெண் கேட்க வந்தவன் பெண்ணிடமே ரிப்பேர் வேலை கொடுப்பதா? "எனக்குத் தெரியும்" என்றேன். (தெரியாது.) கட்டிங் பிளேயரால் வால்வின் உள்முனையைத் திருகினேன். வால்வோ சக்கரத்தின் அடியில் இருந்தது. உள்ளேயிருந்த பால் முழுக்க அங்கேதான் தேங்கியிருந்தது.

"எப்டி பண்றே, காட்டு" என்று அங்கிளும் குனிந்தார்.

புஸ்ஸ்ஸ்!

முனை எங்கோ பறந்தது. மீசை வெள்ளையாகிவிட்டது.

"இன்னாடா இது பேஜாரு!" என்று அவர் துண்டால் தேய்க்கத் தேய்க்க அது ரப்பராக இறுகியது. சோப்பு போட்டோம், தேங்காய் எண்ணெய் போட்டோம். கடைசியில் கத்தரிக்கோல் வந்தது, அதன் பின்னால் ரேசர். மீசையோடு என் கல்யாணமும் வாஷ்பேசினில் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் ஜெனியின் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "முப்பது வருஷமா மீசைய எடுய்யான்னு சொல்லிகினு கீறேன், கேட்டியா? மாதாவே அனுப்பி வெச்ச புள்ளய்யா இது!"

அங்கிள் கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தார். "வயசு கொறஞ்சா மாரி கீதுல்ல?" என்றார் மெல்ல.

வாசலில் ஜெனி பூந்தொட்டிக்குப் பின்னால் கிடந்த முனையைத் தேடி எடுத்து, காய்ந்த ரப்பரை ஊசியால் நோண்டிக்கொண்டிருந்தாள். பிறகு வால்வு மேலே வரும்படி சக்கரத்தைச் சுற்றினாள். "மேல வெச்சு, பால் கீழ எறங்கினப்புறம்தான் வால்வ தொடணும். காத்தடிச்சாலும் அப்டித்தான். அப்பப்ப முனைய கழட்டித் தொடச்சா அடைக்கவே அடைக்காது. இவ்ளோதான் மேட்டரு." முனையை மாட்டிப் பம்பு அடித்தாள். டயர் கல் மாதிரி நின்றது.

அங்கிள் என்னைக் காட்டி, "இவனுக்கு ஒண்ணுமே தெரிலியேம்மா" என்றார்.

"எனக்குத் தெரியும்ல நைனா."

அங்கிள் மீசை இருந்த இடத்தைத் தடவினார். "அப்ப சரி" என்றார்.

கல்யாண போட்டோவில் அவருக்கு மீசை கிடையாது. அத்தை அதன் பிறகு வளர்க்க விடவே இல்லை. இன்றும் நானும் ஜெனியும் சைக்கிளில் போய் இறங்கினால், மாமா பத்தடி தள்ளி நின்று, வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் வரவேற்பார்:

"மாப்ளே, வால்வு மேல கீதா? அப்ப உள்ள வா!"