வாயைக் கட்டினால் இளைக்கலாம்

எடை மெஷினின் முள் போன வாரத்தைவிட ஒரு கோடு தள்ளிப் போய் நின்றது.

"மறுபடியும் கூடிடுச்சா?" என்று கணவர் தோள் வழியாக எட்டிப் பார்த்தார்.

"ராத்திரி சாப்பாட்டையே விட்டுட்டேங்க. பச்சத் தண்ணி மட்டும்தான்."

"பச்சத் தண்ணி குடிச்சா உடம்பு ஊதுமா? கடையில கேக்குக்குப் பூசுற கிரீம் எங்க போகுது?"

அவளுக்குச் சுருக்கென்றது. கேக் கடையில் கிரீமால் ரோஜா வைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்தக் கிரீமை நாக்கில் வைத்தே வெகு காலமாயிற்று என்றால் நம்பத்தான் ஒருவரும் இல்லை. எடை கூடினால் கூடட்டும், திருடித் தின்கிறவள் என்ற பேர்தான் அவளை அரித்தது.

கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். சில மாதங்களில் மளமளவென்று இளைத்து, பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருந்தார். காலையில் தெருக்கோடிவரை ஓடுவதும் மனக்கட்டுப்பாடும்தான் காரணம் என்று, பிரேக் எது என்று தெரியாத மாணவர்களுக்குக்கூட உபதேசம் செய்வார். சாப்பாட்டில் மட்டும் குறை வைக்க மாட்டார். ஓடுகிற உடம்புக்குத் தீனி வேண்டாமா?

"வாயைக் கட்டினா இளைக்கலாம். என்னைப் பாரு!"

அவள் வாயைக் கட்டினாள். காலைச் சாப்பாட்டையும் விட்டாள். எடை கூடியது. அவரோடு சேர்ந்து ஓடினாள். முட்டி வீங்கிப் படுத்தாள், எடை இன்னும் கூடியது. குளிருகிறது என்று போர்வைக்குள் சுருண்டால், "சோம்பேறித்தனம்!" என்று வியர்வை வழியத் திட்டி, ஃபேனை முழு வேகத்தில் வைத்தார்.

அடுத்து ஃப்ரிட்ஜுக்குப் பூட்டு வந்தது. கடைக்கும் போன் போனது. "அவ வாயைக் கொஞ்சம் கவனிச்சுக்குங்கம்மா."

முதலாளியம்மா நன்றாகவே கவனித்தார். அவளைக் கிரீம் மேசையிலிருந்து எழுப்பி, கேக்குகளைப் பெட்டியில் வைக்கும் மூலைக்கு அனுப்பிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்து அவள் அழுதாள்.

மறுநாள் பெரிய அடுக்குக் கேக் ஒன்றைப் பெட்டியில் இறக்கும்போது, பசியில் கண் இருட்டியது. குப்புற விழுந்தாள், கேக்கின் மேலேயே.

விழித்தபோது முதலாளியம்மாவும், தகவல் கேட்டு ஓடி வந்த கணவரும் குனிந்து நின்றார்கள். அவளுக்குக் கிரீமில் மீசை. மூக்கு நுனியில், வேறு யாரோ கோணலாக வைத்த ரோஜா.

"கையும் களவுமா மாட்டிக்கிட்டா!" என்றார் கணவர்.

ஆனாலும் மயக்கம் மயக்கம்தானே. ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா அவளுக்கு ரத்தப் பரிசோதனை எழுதினார்.

"என் ரத்தத்தையும் எடுங்க," என்று கணவர் சட்டைக் கையை மடித்தார். "கட்டுப்பாடா இருக்கிறவன் ரத்தம் எப்படி இருக்கும்னு இவளும் தெரிஞ்சுக்கட்டும்."

அவர் விரல்கள் நடுங்குவதைப் பார்த்து நர்ஸ் கேட்டாள்: "ஊசின்னா பயமா சார்?"

"பயமில்ல, கோபம்!"

மறுநாள் டாக்டரம்மா அவளிடம் சொன்னார்: "உங்களுக்குத் தைராய்டு ரொம்பக் கம்மியா சுரக்குதும்மா. அதான் அசதி, குளிர், வீக்கம் எல்லாம். பட்டினி கிடந்தாலும் எடை லேசுல இறங்காது. மாத்திரையைப் போட்டுக்கிட்டு, வேளாவேளைக்குச் சாப்பிடுங்க."

"அப்ப நான் திருடித் தின்னலையே?"

"தின்னீங்கன்னு யாரு சொன்னது? பட்டினியிலதான் மயங்கியிருக்கீங்க."

"ஒரு நிமிஷம் டாக்டர்." அவள் முதலாளியம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரைத் தட்டினாள். "இப்பச் சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சத்தமாகச் சொன்னார்.

"தப்பா நினைச்சுட்டேம்மா," என்றது போன். "நாளைக்கே மேசைக்கு வந்துடு. நீ இல்லாம ரோஜா எல்லாம் முட்டைக்கோசு மாதிரி இருக்கு!"

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஃப்ரிட்ஜ் சாவிக்காகக் கணவர் முன்னால் கையை நீட்டினாள். அவர் முனகிக்கொண்டே கொடுத்தார். ஆனாலும் விழுந்தவர் மீசையில் மண் ஒட்டவில்லை.

"உனக்கு வியாதி, ஒத்துக்கிறேன். ஆனா நான் இளைச்சது என் மனக்கட்டுப்பாட்டாலதான். அதை யாராவது மறுக்க முடியுமா?"

இன்னொரு தாளோடு உள்ளே வந்த நர்ஸ் அதை டாக்டரம்மாவிடம் நீட்டிவிட்டு, கணவரைப் பாவமாகப் பார்த்தாள். டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"சார், உங்களுக்கும் தைராய்டுதான். அம்மாவுக்குக் கம்மி, உங்களுக்கு எக்கச்சக்கம். நீங்க ஓடாம படுத்தே கிடந்திருந்தாலும் இளைச்சிருப்பீங்க!"