டிசம்பரிலிருந்து மாசம் எண்ண வேண்டாம்

2025 ஆகஸ்ட் 17, ஞாயிறு, காலை 6.10. இருபத்திரண்டு வாரம், மூன்று நாள். ஜீவிதாவின் ரத்த அழுத்தம் 142/88. இது நான் எடுத்த நாற்பத்தொன்றாவது அளவு.

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, கொழிஞ்சாம்பாறையிலிருந்து மருமகன் அருள்குமார் வணக்கத்துடன் எழுதுவது. அகளியில் உங்கள் நலமும் வாழைத்தோப்பின் நலமும் ஜீவிதா போனில் கேட்டுச் சொல்லிவிட்டாள், அதனால் நான் தனியாகக் கேட்கவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் மகளுக்கு ஒன்பதாம் மாசக் கட்டுச்சோறு என்று இரண்டு ஜீப் பேசி, இருபத்தாறு பேரைக் கூப்பிட்டிருக்கிறீர்களாம். நடப்பது ஆறாம் மாசம், மாமா. டிசம்பரில் கருமுட்டை எடுத்த மூன்றாம் நாள், போட்ட ஊசிகளால் அவள் வயிற்றில் நீர் கோத்து உப்பியது. இப்போதே கருவை வைத்தால் நிலைமை மோசமாகும், உறைய வைத்துவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்றார் டாக்டர். அந்த வயிற்றைப் பார்த்த அத்தை, "ஏனுங்க, ரட்டைப் புள்ளைங்க!" என்று சொல்ல, நீங்கள் சந்தையில் லட்டு கொடுத்துவிட்டீர்கள். லட்டு கொடுத்தது தண்ணீருக்கு. இதை நான் விளக்கினால், "சரிங்க மாப்பிள்ளை, ஐஸ்ல இருந்தாலும் மாசம் மாசந்தானுங்களே?" என்கிறீர்கள். வயது ஏறாமல் இருக்கத்தானே மாமா உறைய வைப்பது! போதாததற்கு, நான் பால் குளிரூட்டும் நிலையத்தில் மெஷின் பார்ப்பவன் என்பதால், கருவையும் அங்கேதான் பால் கேனுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன் என்று அகளி முழுக்கப் பேச்சு. இல்லை.

உறைய வைத்தது இரண்டு. பிப்ரவரியில் கருப்பையில் வைத்தது நிற்கவில்லை. ஏப்ரலில் வைத்தது இது. மூன்றாவது கிடையாது. உறைய வைத்த கரு என்றால் தாய்க்கு ரத்த அழுத்தம் ஏற வாய்ப்பு கொஞ்சம் அதிகம், ஏறினால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஏறிக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் ஏழு வகைச் சோறு, உப்பு மாங்காய், இருபத்தாறு பேர், ஆளுக்கொரு யோசனை! தயவுசெய்து வர வேண்டாம்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆசி அங்கிருந்தே எங்களை எட்டும்.

இப்படிக்கு,
அருள்குமார்

பி.கு. காலை 9.40. கடிதத்தைப் படித்த ஜீவிதா, கருவியோடு பக்கத்து வீட்டு நர்ஸ் ஆன்மேரியிடம் போய், என்னை அவர் வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு அளந்துகொண்டாள். 116/74. மூன்று முறையும். "நீங்க அளக்கும்போது எங்க நிப்பீங்க?" என்று ஆன்மேரி என்னிடம் கேட்டார். பக்கத்தில்தான், வாட்சைப் பார்த்துக்கொண்டு, 'அசையாதே, பேசாதே' என்று சொல்லிக்கொண்டு என்றேன். பட்டையை எடுத்து என் கையில் சுற்றினார். 158/100. "மாசம் எண்ணுனது போதுங்க, அம்மாவ வரச் சொல்லுங்க" என்கிறாள் ஜீவிதா. ஆகவே நான் செய்யப்போவது:

1. கருவியை ஆன்மேரியிடம் ஒப்படைப்பேன். டாக்டரிடம் போகும் தேதி எதுவும் மாறாது.
2. வெள்ளிக்கிழமை உங்கள் ஜீப்புக்காக வாசலில் நிற்பேன். ஒரு ஜீப். கட்டுச்சோறு நவம்பரில், தேதியை நானே எண்ணித் தருகிறேன்.
3. அத்தையைப் பத்து நாள் இங்கேயே இருத்திக்கொள்வேன். நாற்பத்தொரு முறை அளந்தவன், ஜீவிதாவுக்கு என்ன வேண்டும் என்று ஒரு முறையும் கேட்கவில்லை.
4. உப்பு மாங்காய் வந்தால் ஆன்மேரி வீட்டில் கொடுத்துவிடுவேன். இந்த வீட்டில் உப்பு முதலில் ஆகாதது எனக்குத்தான் என்கிறார் அவர்.