சாரா நேராகக் கேட்டது

அன்புத் தங்கை சூசைமேரிக்கு, காந்திபுரத்திலிருந்து அண்ணன் அமிர்தநாதன் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் டெய்சியும் மகள் சாராவும் சுகம். மச்சானின் முழங்கால் வலி தேவலையா?

ஆட்டிசம் உள்ள பெண்ணை யார் வேலைக்கு எடுப்பார்கள் என்று இருபத்திரண்டு வருஷமாக நான் மறுகியது உனக்குத் தெரியும். ஆனால் துணியில் ஓர் இழை அறுந்திருந்தாலும் சாராவின் கண் அங்கேதான் போய் நிற்கும். அதை நம்பி, சோமனூரில் தறி ஓட்டும் அங்கப்பனிடம் நெய்த துணியில் குறை பார்க்கும் வேலைக்கு அழைத்துப் போனேன். ஒரு மணி நேரத்தில் பதினோரு பழுது சொன்னாள், அதில் இரண்டு அவர் போட்டிருந்த சட்டையில். அவர் காபி கொடுத்து, "நாளைக்குப் பாக்கலாமுங்க" என்று வாசல்வரை வந்து அனுப்பினார். வேலை இல்லை என்பதை நம் ஊர்ப் பக்கம் இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. நான் பஸ்ஸில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன். இவளோ மறுநாளைக்கு டிபன் பாக்ஸ் கட்டச் சொல்கிறாள்.

எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னது அவள் போனில் இருக்கும் செயற்கை நுண்ணறிவுதான். அவளுடைய டீச்சர் மோகனப்பிரியா போட்டுக் கொடுத்தது. யார் பேச்சாவது விளங்காவிட்டால் அதில் எழுதிக் கேட்பாள். "மனம் நோகக் கூடாது என்று சிலர் மறுப்பதை இப்படிச் சொல்வார்கள். அவர் மனதில் இருப்பது எனக்குத் தெரியாது. நேராகக் கேட்கலாம்" என்றதாம். பெற்ற அப்பனுக்கு வராத நேர்மை, பார்.

மறுநாள் என்னோடு சோமனூர் வந்து அங்கப்பனிடமே கேட்டுவிட்டாள். "ஏனுங்க, எனக்கு வேலை உண்டுங்களா, இல்லீங்களா?"

அந்த மனிதரை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை போலும், தலையைச் சொறிந்தார். "தறிச் சத்தம் தாங்குவீங்களான்னுதான் யோசிச்சனுங்க அம்மணி."

"காதடைப்பு வச்சிருக்கறனுங்க."

"அப்ப வாங்க."

இது மூன்றாவது வாரம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தப் போனுக்கு மாலை போடலாம் என்றால் டெய்சி முறைக்கிறாள்.

உன் மகன் ஸ்டீவ் கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. எப்படியும் வரப் பார்க்கிறோம். மணமக்களை ஆண்டவர் நிறைவாக வாழவைக்கட்டும்.

உன் அண்ணன்,
அமிர்தநாதன்

பின்குறிப்பு: சாரா இதைப் படித்துவிட்டு, "நாம போறமுங்களா, இல்லீங்களா அப்பா?" என்கிறாள். ஆகவே மேலே 'வரப் பார்க்கிறோம்' என்று எழுதிய மரியாதையை அடித்துவிடு. வருவதாக இல்லை. ஸ்டீவின் நிச்சயத்தன்று பெண் வீட்டார் கண்ணில் படாமல் சாராவை உள்ளறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாய். எனக்கு இன்னும் ஆறவில்லை. கோயிலில் முதல் பெஞ்சில் எங்களோடு அவளும் உட்காரலாம் என்றால் மூன்று பேரும் வருகிறோம். கூடாது என்றால், கண்ணு, அதை நீயே அவளுக்குப் போன் செய்து சொல்லிவிடு.