உப்பு வைத்துக் கட்டிய பாட்டு ரூம்

உப்பு தண்ணீரில் கரையும் என்ற உண்மை எனக்கு இருபத்தொன்பதாவது வயதில்தான் தெரியவந்தது. வேறு ஊர்க்காரன் இதைச் சொன்னால் மன்னிக்கலாம். நான் மரக்காணத்துக்காரன். அப்பாவுக்கு உப்பளம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் முன்பே உப்பு அம்பாரத்தில் ஏறிச் சறுக்கி, டவுசரைக் கிழித்துக்கொண்டவன். ஐப்பசி மழைக்கு முன்னால் அம்பாரங்களைக் கீற்று போட்டு மூடும் வேலையை வருடம் தவறாமல் பக்கத்தில் நின்று பார்த்தவன். எதற்காக மூடுகிறார்கள் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை போலிருக்கிறது.

இந்தக் கதையை எங்கள் வீட்டுக் கல்யாணம் காதுகுத்து எல்லாவற்றிலும் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். நடுவில் ஓர் இடம் வரும்போது மட்டும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

எனக்கும் தனத்துக்கும் 2004ஆம் வருடம் கல்யாணம் ஆயிற்று. அவள் கீழ்புத்துப்பட்டுப் பெண். அவள் கொண்டுவந்த சீரில் பீரோ, கட்டில், குத்துவிளக்கோடு ஒரு பிஸ்கட் டின்னும் இருந்தது. அதற்குள் ஒரு கேசட். எட்டாவது படிக்கும்போது புதுச்சேரியில் வானொலி சிறுவர் நிகழ்ச்சிக்கு அவளைக் கூட்டிப்போய்ப் பாட வைத்திருக்கிறார்கள். ஒலிபரப்பான அன்று பாட்டு டீச்சர் தன் வீட்டு டேப்பில் பதிந்து கொடுத்தது அது. நாலு நிமிடப் பாட்டு. டீச்சர் நிறுத்த மறந்துவிட்டதால் அதன் பின்னாலேயே விவசாயிகளுக்கான அறிவிப்பும் கொஞ்சம் ஏறியிருந்தது. உலகத்தில் அந்தப் பாட்டுக்கு வேறு பிரதி கிடையாது.

"எங்க ஊட்டு டேப்பு கேசட்ட சிக்க வைக்கும்ங்க. அதான் ஆறேழு வருசமா போடவே இல்ல. நல்ல செட்டுல ஒரு தடவ கேட்டுட்டு, அப்டியே இன்னொண்ணுல பதிஞ்சி வச்சிக்கலாம்" என்றாள் தனம்.

அவள் கேட்டது அவ்வளவுதான். கடைவீதியில் எந்த கேசட் கடையில் கொடுத்திருந்தாலும் அரைமணியில் பதிந்து கொடுத்திருப்பான். ஆனால் எனக்குள் ஒரு ரசிகன் இருந்தான் (இன்னும் இருக்கிறான், இப்போது வாயைத் திறப்பதில்லை). "கடையில பதிஞ்சா தரம் என்ன ஆவறது? இதுக்குன்னே ஒரு ரூம் கட்டறேன். நீ பாடுறப்ப மூச்சு விடற சத்தம்கூட அதுல கேக்கணும்" என்றேன். கல்யாணமாகி மூன்று மாதம்தான். அவளும் நம்பினாள்.

வீட்டின் பின்பக்கம் சாக்கு அடுக்கி வைக்கும் அறை ஒன்று இருந்தது. சாக்கை வெளியே தள்ளிவிட்டு ஸ்பீக்கரை உள்ளே வைத்தேன். முதல் நாளே தோல்வி. பின்னால் அளத்துக்குத் தண்ணீர் இறைக்கும் டீசல் மோட்டார். முன்னால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்களின் ஹாரன். இடையில் கோயில் மைக் செட். எந்தப் பாட்டைப் போட்டாலும் மோட்டார்தான் தாளம் போட்டது.

இடையஞ்சாவடியில் பாபு என்று ஒரு மெக்கானிக் இருந்தான். அந்தப் பக்கத்து வெள்ளைக்காரர்கள் வீட்டு சவுண்டு செட்டுகளை எல்லாம் பழுது பார்ப்பவன். அவனைக் கூட்டிவந்து காட்டினேன். அறை நடுவில் நின்று ஒரு தடவை கைதட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"செட்டு அப்புறம்ணே. ரூம்தான் மெயின். செவுத்துக்கு உள்ள நாலு இஞ்சி வுட்டு பலகைல இன்னொரு செவுரு அடிங்க. நடுவுல காஞ்ச மணலு ரொப்புங்க. சத்தம் உள்ளயும் வராது, வெளியவும் போவாது. ஆனா கடக்கர மணலு வாணாம்ணே. அதுல உப்பு இருக்கும். ஆணியெல்லாம் துரு புடிச்சிடும்."

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோன மறு வருடம் அது. வீடு நிற்குமா நிற்காதா என்று ஊரே சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நானும் தட்டினேன், எதிரொலி வருகிறதா என்று.

ஆசாரி பலகை அடித்து முடித்துவிட்டார். ஆற்று மணலுக்கு லாரி சொல்லி வாரம் ஒன்று ஆயிற்று, வரவில்லை. எனக்குப் பொறுமை இல்லை. அளத்துக் கரையில் அடியுப்பு குவிந்து கிடந்தது. சேறு கலந்து சாம்பல் நிறமாகி, யாரும் வாங்காமல் ஒதுக்கி வைத்த உப்பு. கையில் அள்ளிப் பார்த்தேன். சித்திரை வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்து, நல்ல கனமாக இருந்தது. மணலைவிட உசத்தி என்று பட்டது. மணலில் கொஞ்சம் உப்பு கலந்திருந்தால்கூட ஆபத்து என்ற எச்சரிக்கையைக் காது குளிரக் கேட்டுவிட்டு, மணலே கலக்காத உப்பைக் கொண்டுபோய்ச் சுவருக்குள் கொட்டிய ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அளத்தில் உப்பு வாரும் அஞ்சலையக்கா, நான் மூட்டை மூட்டையாக வண்டியில் ஏற்றுவதைப் பார்த்துவிட்டுக் கூடையை இறக்கி வைத்தாள்.

"ஏந்தம்பி, இம்மாம் உப்ப ஊட்டுக்கு எடுத்தும் போறியே, உன் பொண்டாட்டி எத்தினி அண்டா கொழம்பு வைக்கப் போவுது?"

"கொழம்புக்கு இல்லக்கா. செவுத்துக்கு."

அஞ்சலையக்கா என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வாயாடி என்று பெயரெடுத்தவள் வாய் திறக்காமல் போகிறாளே என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கோடை முழுவதும் அந்த அறை நன்றாகத்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கதவைச் சாத்தினால் மோட்டார் இல்லை, பஸ் இல்லை, சாமிகூட இல்லை. நாற்காலி போட வேண்டிய இடத்தைத் தரையில் சாக்பீஸால் குறித்து வைத்தேன். அந்தக் கோட்டைத் தாண்டி உட்கார்ந்தால் தனத்தைக்கூடத் திருத்தினேன். வாரம் ஒருமுறை அவள் கதவைத் திறந்து கேட்பாள்.

"இப்பப் போடலாமாங்க?"

"இன்னும் ரெடியாவல தனம். கூரைக்கு ஏதாவது பண்ணணும்."

கூரைக்கு முட்டை அட்டை ஒட்டினேன். (என் மச்சான் வந்து பார்த்துவிட்டு, "கோழி எப்ப மாமா வருது?" என்றான்.) அடுத்து தரைக்குக் கம்பளம், அதன் மேல் மறுபடி சாக்பீஸ் கோடு. அடுத்து ஸ்பீக்கருக்கு மரக்கட்டையில் பீடம். அடுத்து பாபுவிடமிருந்து ஒரு வெளிநாட்டு டேப் டெக். ஒவ்வொன்றும் வந்த பிறகு அடுத்தது இல்லாதது பெரிய குறையாகத் தெரிந்தது. காலையும் மாலையும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து குறை கண்டுபிடித்தேன். ஆவணி வாக்கில் தனம் கேட்பதை நிறுத்திவிட்டாள். அதை நான் கவனித்ததாக ஞாபகம் இல்லை.

கடைசியில் தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா என்று நானே நாள் குறித்து, மாமனார் மாமியாருக்கும் சொல்லி அனுப்பினேன். தனம் பிஸ்கட் டின்னைத் துடைத்துத் தயாராக வைத்தாள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அந்த வருட மழை ஞாபகம் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் நாளே பலகை வியர்க்க ஆரம்பித்தது. துண்டால் துடைத்தேன். மூன்றாம் நாள் கம்பளம் ஓரமெல்லாம் நனைந்து கிடந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். அந்த நிமிடத்தில்தான், முதல் வரியில் சொன்ன உண்மை எனக்குத் தெரிந்தது. விழாவைத் தள்ளிப் போட்டிருக்கலாம். ஆனால் ஒன்றரை வருடமாகத் தள்ளிப் போட்டவன் இன்னொரு தடவை எந்த முகத்தோடு சொல்வது? மின்விசிறியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டுச் சாமியைக் கும்பிட்டேன்.

ஞாயிறு காலை மழை விட்டிருந்தது. மாமனார் நிலக்கடலையும் நெல்லும் வைக்கிற விவசாயி, எதையும் நிதானமாகப் பார்ப்பவர். வீட்டுக்குள் வராமல் பக்கவாட்டிலேயே நின்றுவிட்டார். போய்ப் பார்த்தால், தெருவில் திரியும் மாடுகள் நாலு வரிசையாக நின்று என் பாட்டு ரூமின் வெளிச்சுவரை நக்கிக்கொண்டிருந்தன. சுவர் முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"இன்னா மாப்ளே, செவுத்துக்குத் தவுடு கலந்து பூசினீங்களா?" என்றார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார்.

எல்லோரையும் உள்ளே உட்கார வைத்தேன். சாக்பீஸ் கோடு அழிந்து போயிருந்தது. தனம் முன்னால் உட்கார்ந்தாள். புதுப் புடவை கட்டியிருந்தாள். கேசட்டை இரண்டு கையாலும் கொடுத்தாள். போட்டேன்.

முதலில் ஒரு கரகரப்பு. பிறகு ஒரு சின்னப் பெண்ணின் குரல் எழுந்தது. ஒரு வரி. ஒரே ஒரு வரி. நான் சொன்ன மாதிரியே அந்தக் குழந்தை மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். நான் தனத்தின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்துக்காக இன்னும் நாலு அறைகள் கட்டலாம்.

இரண்டாவது வரியில் குரல் இழுத்தது. பெண் குரல் ஆண் குரலாகி, பிறகு எருமைக் குரலாகி நின்றது. டெக்குக்குள் உருளை துருப் பிடித்து டேப்பைச் சுற்றிக்கொண்டுவிட்டது. அப்படியே விட்டிருந்தால் பாபு பிரித்து எடுத்திருப்பான். "இருங்க, இருங்க" என்று தனம் எழுவதற்குள் நான் கேசட்டைப் பிடித்து இழுத்தேன். வந்தது. பழுப்பு நாடா முழம் முழமாக வந்து, ஓரிடத்தில் பட்டென்று அறுந்தது.

அதே சமயம் எனக்குப் பின்னால் ஆணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. பலகை மெதுவாக, மரியாதையாக, வயிற்றை முன்னால் தள்ளியது. ஈர உப்பு சரிந்து ஸ்பீக்கரை மூடி, மாமியாரின் கால்வரை வந்து நின்றது. ஃபியூஸ் போனது.

வெளியே மாடு நக்கும் சத்தம் கேட்டது. நான் கையில் நாடாவோடு உப்புக்குள் நின்றேன்.

மாமனார்தான் முதலில் பேசினார். "உடுங்க மாப்ளே. பாட்டுதான? தனம் இங்கதான இருக்குது. அதையே பாடச் சொன்னா போச்சி."

இது எனக்குத் தோன்றவே இல்லை. ஒன்றரை வருடத்தில் ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. தனத்தைப் பார்த்தேன். அவள் தரையில் உட்கார்ந்து நாடாவை உப்பிலிருந்து எடுத்துப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமல் சொன்னாள்:

"தெனம் மாவாட்டும்போது பாடிக்கினுதாம்ப்பா இருக்கேன். அவருதான் கதவ சாத்திக்கினு உள்ள இருக்காரு."

(தண்ணீர் குடிக்கப் போகும் இடம் இதுதான்.)

அந்த நாடாவைப் பாபுவிடம் கொண்டுபோய்க் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். ஒரு வாரம் வைத்திருந்து, கழுவி, வெட்டி, ஒட்டிக் கொடுத்தான். "தேறினது மட்டும் இருக்குதுண்ணே" என்றான், என் முகத்தைப் பார்க்காமல். வீட்டுக்கு வந்து மச்சானின் பழைய டேப்பில், அடுப்படியில் வைத்துப் போட்டோம். பாட்டு இல்லை. ஒரு வார்த்தைகூட இல்லை. சுத்தமாக, தெளிவாக, ஒரு ஆண் குரல் மட்டும் வந்தது: "நிலக்கடலை பயிரிட்டுள்ள விவசாயிகளின் கவனத்திற்கு."

தனம் கடைசிவரை கேட்டாள். பூச்சி எது, மருந்து எது, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று எல்லாவற்றையும். பிறகு கேசட்டை எடுத்து டின்னில் வைத்து மூடினாள். அன்றைக்கு அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அறையைப் பிரித்துப் போட்டு மறுபடி சாக்கு அடுக்கினோம். செங்கல்லில் ஏறிய உப்பு மட்டும் இறங்கவில்லை. எத்தனை தடவை பூசினாலும் மழைக்காலத்தில் பூக்கிறது. மாடுகள் தலைமுறை மாறியும் வழி மறக்காமல் வருகின்றன. சுவரின் அந்த இடம் நக்கி நக்கிக் குழிந்து போயிருக்கிறது.

வீட்டில் நான் எதையாவது பெரிதாகச் செய்யப்போவதாக ஆரம்பித்தால் போதும், மச்சான் முதல் என் மகள் வரை யாராவது ஒருவர் தொண்டையைக் கனைத்து, "நிலக்கடலை பயிரிட்டுள்ள" என்று தொடங்குவார்கள். மீதியை எல்லோரும் சேர்ந்து முடிப்பார்கள்.

தனம் இன்னமும் மாவாட்டும்போது பாடுகிறாள். கிரைண்டர் சத்தத்துக்கு மேல் பாடுவதால் பாதி கேட்காது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தம் போடாமல் அடுப்படி வாசலில் வந்து நிற்பேன். எப்படியோ அவளுக்குத் தெரிந்துவிடும். திரும்பாமலேயே பாட்டை நிறுத்திவிட்டு, அந்த வானொலிக்காரரின் குரலில் சொல்வாள்:

"விவசாயிகளின் கவனத்திற்கு."

நான் வந்த வழியே திரும்பிவிடுவேன்.